டயர் கிடங்கு முனையில் வண்டி எண்ணியவர்

மீட்டரக்காவை எங்கள் நகராட்சி அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அவருக்கும் எங்களில் ஒருவரையும் பிடிக்காது என்பதால் அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை.

அவர் போக்குவரத்துப் பிரிவில் வண்டி எண்ணுகிறவர். எங்காவது சிக்னல் போட வேண்டும், ஒரு தெருவை ஒருவழிப் பாதையாக்க வேண்டும் என்றால் முதலில் அவரை அனுப்புவார்கள். முனையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்தப் பக்கமிருந்து எத்தனை வண்டி வருகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எண்ணுவார். கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடுகிற சின்ன மீட்டர் இரண்டு கையிலும் இருக்கும்; பட்டப்பெயர் அதிலிருந்து வந்தது. இருபத்து மூன்று வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது. வெயிலோ மழையோ, ஒரு வண்டியைத் தவறவிட்டார் என்று யாரும் சொன்னதில்லை. அதைத் தவிர நல்லதாக வேறெதுவும் சொன்னதுமில்லை.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர், கல்யாணமான ஆறாம் வருடம் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர் போன இடத்திலேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். "ஊர் வண்டியெல்லாம் எண்ணினவ, வீட்டு வண்டிய விட்டுட்டா" என்று ஒரு குமாஸ்தா அவர் காதுபடச் சொல்லிவிட்டுச் சிரித்தான். மேஜைமேல் இருந்த தடிப் பதிவேடு அவன் முகத்தில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் விளையாட்டுக்குப் பேசவில்லை. வினையாகப் பேசுவதையும் மெல்லக் குறைத்துக்கொண்டார்கள்.

நான் அதே அலுவலகத்தில் திட்டப் பிரிவு வரைவாளர். ஒருமுறை அவருடைய படிவத்தில் இடதை வலது என்று படித்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைத் தெருவின் தப்பான பக்கத்தில் வரைந்துவிட்டேன். மாடிப்படி ஏறி வந்து, அத்தனை பேர் நடுவில், என் டீ ஆறி ஆடை கட்டும்வரை திட்டினார். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் அந்தத் திட்டு மூன்று வருடத்துக்கு எனக்குச் செரிக்கவில்லை.

புறநகரில் ஒரு பழைய டயர் கிடங்கு மூடிக் கிடந்தது. நகராட்சி அதை வாங்கி, குடிவரும்போது அறுபது வயது தாண்டியிருக்கிற, வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகை வீடுகள் கட்ட முடிவு செய்தது. மூன்று தளம், நாற்பத்தெட்டு வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. வரைபடம் நான் போட்டது. வாசலில் படி கிடையாது. கதவுகள் சக்கர நாற்காலி நுழையும் அகலம். லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைப் படுக்கவைத்தபடியே ஏற்றலாம். இருபத்தெட்டு வருட வேலையில் நான் வரைந்ததிலேயே எனக்கு வெட்கமில்லாமல் காட்ட முடிந்த வரைபடம் அது ஒன்றுதான்.

கிடங்கைச் சுற்றி எல்லாம் தனி வீடுகள். கத்தரித்த புல், பூட்டிய கேட். அங்கே குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். முதல் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் வைத்தோம். இருநூறு நாற்காலி போட்டிருந்தோம். முந்நூறு பேர் வந்தார்கள். எங்கள் திட்ட அதிகாரி, நாற்பது வயதுப் பெண்மணி, அமைதியாகப் பேசக்கூடியவர், எழுந்து நின்று "வணக்கம்" என்றார். அதற்கே பின்வரிசையிலிருந்து கூச்சல் வந்தது.

"ஆம்புலன்ஸ் சத்தத்துல எங்க பிள்ளைங்க எப்படிப் படிக்கும்?"

"ஜன்னலத் திறந்தா தினம் ஒரு பொணம் போறதப் பாக்கணுமா?"

"எங்க வீட்டு விலை இறங்கினா நகராட்சி ஈடு கட்டுமா?"

பல் டாக்டர் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். வயசானவங்களுக்கு நாங்க எதிரி இல்ல. எங்க கவலை டிராஃபிக் மட்டும்தான்."

கூட்டம் மொத்தமும் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டது. எல்லோருடைய வாயிலும் டிராஃபிக். காரணமில்லாமல் இல்லை. காலை நெருக்கடியில் மணிக்கு அறுநூறு வண்டிக்குமேல் போகிற தெருவில் புதிதாக அடுக்குவீடு கட்டக் கூடாது என்பது எங்கள் நகராட்சி விதி. அந்த விதி அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "எண்ணிப் பாத்துடலாம்" என்றார் அதிகாரி. மூன்று நாள், காலை ஏழிலிருந்து பத்துவரை என்று முடிவாயிற்று.

மீட்டரக்கா போனார்.

முதல் நாள் நெருக்கடி மணியில் நானூற்றுப் பன்னிரண்டு வண்டி. சங்கத்துக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்களே தவிர ஒன்றும் செய்யவில்லை. பத்து மணிக்குப் பல் டாக்டர் அவரிடம் வந்து, "எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். "சொல்லக் கூடாது" என்றிருக்கிறார் இவர். டாக்டர் குனிந்து கருவியில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் தெருவின் முகமே மாறியிருந்தது. இவர் நாற்காலி போடுகிற இடத்துக்கு நேர் முன்னால் ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அந்தப் பக்கத்துப் புல்வெளியில் தண்ணீர் தெளிக்கிற குழாயைத் திறந்து, அது சுற்றும்போதெல்லாம் இவர் முதுகில் அடிக்கிற மாதிரித் திருப்பிவிட்டார்கள். குடையை முதுகுப்பக்கம் விரித்து, பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணினார். வீட்டில் நிற்கிற கார்களையும் வெளியே எடுத்திருந்தார்கள்; போகிற ஒவ்வொன்றும் ஹாரனை அடித்துவிட்டுப் போயிற்று. அன்று ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அறுநூறுக்கு இரண்டு குறைவு.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்திருக்கிறது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஏழரை மணியிலிருந்தே கார்கள் வந்தன. வந்து, வலது பக்கம் திரும்பி, நாலு தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தன. இடது விளக்கு உடைந்த ஒரு வெள்ளை வேன். பின்சீட்டில் நாய் உட்கார்ந்திருந்த ஒரு சிவப்புக் கார். நாய் ஒவ்வொரு சுற்றுக்கும் ஜன்னலில் தலையை நீட்டி இவரைப் பார்த்துக் குரைத்ததாம். விதிப்படி எத்தனை முறை போனாலும் அத்தனையும் கணக்கு. இவரும் எண்ணினார். வலது கையால் அமுக்கிக்கொண்டே, இடது கையால் நோட்டில் வண்டி எண்களை எழுதினார். எழுநூற்று முப்பத்தொன்று.

மறுநாள் அதிகாரியின் மேஜையில் படிவத்தை வைத்தபோது நானும் இருந்தேன். அதிகாரி எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்த பக்கம் பாருங்க" என்றார் மீட்டரக்கா. அடுத்த பக்கத்தில் இருபத்தாறு கார்களின் எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை முறை, எந்தெந்த நிமிடம். இருபத்தாறு கார் சேர்ந்து முந்நூற்று நாற்பத்தொரு தடவை சுற்றியிருந்தன. ஒவ்வொரு காருக்கும் ஒரு தடவையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்தால் நானூற்றுப் பதினாறு.

"இதுல தலைவரோட கார் இருக்கா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராதுன்னு தெரியும். எண்ணாவது தெரியும்னு நினைச்சேன்" என்றார்.

இரண்டாவது கூட்டம் அதே அரங்கில். அதிகாரி இரண்டு பக்கத்தையும் வாசித்தார். வண்டி எண்களை வாசிக்கையில் ஆங்காங்கே சிலர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். சிவப்புக் கார்க்காரி மட்டும் எழுந்து, "என் தெரு, என் பெட்ரோல். எத்தனை தடவை வேணா போவேன்" என்றாள். கைதட்டல் விழுந்தது. பிறகு பல் டாக்டர் எழுந்தார். நாற்காலியில் படுத்திருக்கிறவரிடம் வாயைத் திறக்கச் சொல்கிற பதமான குரல்.

"அம்மா, ஒரு சின்னக் கேள்வி. இந்தக் கட்டடத்துல வீடு கேட்டு நீங்க விண்ணப்பம் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்" என்றார் மீட்டரக்கா.

அதிகாரி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார்.

"எப்போ போட்டீங்க?"

"எண்ணின ரெண்டாவது நாள் சாயங்காலம்."

பல் டாக்டர் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த விண்ணப்பதாரர் பட்டியலின் நகல். "அவங்களுக்கு வீடு வேணும். அவங்களே எண்ணுறாங்க. அவங்களே கழிக்கிறாங்க. இத நாங்க நம்பணும்."

"நம்ப வேணாம்" என்றார் மீட்டரக்கா. "நீங்க எத்தனை தடவை சுத்தினீங்கன்னு உங்களுக்கே தெரியும்ல. பதினாலு."

அதற்குமேல் ஒன்றும் காதில் விழவில்லை. "திருட்டுக் கணக்கு" என்று யாரோ கத்தினார்கள். "வெளிய போ" என்று வேறு யாரோ. ஒரு தண்ணீர் பாட்டில் மேடைமேல் உருண்டு வந்தது. மீட்டரக்கா எழுந்து, மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு, நடுப்பாதை வழியாகவே வாசலுக்கு நடந்தார். பக்கவாட்டுக் கதவு மூன்றடியில் இருந்தது. அந்த வழியாகப் போக அவருக்கு மனமில்லை. முந்நூறு பேருக்கு நடுவில்தான் போனார். யாரும் காலை மடக்கி வழிவிடவில்லை. இவரும் யார் காலையும் பார்த்து நடக்கவில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அதிகாரி அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு வருஷ வேலை. மொத்தமும் போச்சு."

"நீங்க கேக்கலையே."

"இத்தனை வருஷம் இல்லாம, எண்ணிட்டு இருக்கும்போதுதான் வீடு கேக்கத் தோணிச்சா?"

மீட்டரக்கா சொன்னார். இரண்டாம் நாள் ஒன்பதரை மணிக்கு அவருக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. முதுகெல்லாம் ஈரம், அடக்க முடியவில்லை. முனையில் இருந்த பச்சைக் கேட் வீட்டில் போய் மணியை அடித்துக் கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மா கேட்டைத் திறக்காமலே பதில் சொல்லியிருக்கிறாள். "உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான பக்கத்துல கட்டப் போறாங்க. கட்டினதும் அங்கயே போய்க்கோங்க."

"கிடங்குச் சுவருக்குப் பின்னால போய்ட்டு வந்தேன். முப்பத்தாறு வருஷத்துல எண்ணுறத விட்டுட்டு எந்திரிச்சது அன்னைக்குத்தான். அந்த நாலு நிமிஷத்தைப் படிவத்துல எழுதியிருக்கேன், பாத்துக்கோங்க. அது வரைக்கும் எனக்கு அங்க குடிவர்ற எண்ணமே கெடையாது. அந்தத் தெருவே எனக்குப் பிடிக்கல. அவ கேட்டுக்கு எதிர்லயே வந்து உக்காரணும்னு தோணிச்சு. நேரா ஆபீஸ் வந்து படிவம் வாங்கினேன்."

அதிகாரி காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த எண்ணிக்கை செல்லாது என்று தள்ளப்பட்டது. மறு எண்ணிக்கைக்கு இயந்திரம் வைத்தோம். சாலைக்குக் குறுக்கே ஒரு ரப்பர் குழாய். சக்கரம் ஏறினால் பெட்டிக்குள் எண் கூடும். ஆள் கிடையாது, நோட்டுக் கிடையாது, சுற்றுகிறவன் யார் என்று பார்க்கக் கண்ணும் கிடையாது. சங்கத்துக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் இயந்திரம் மூன்று நாளில் கிளம்புவதில்லை. இரண்டு வாரம் கிடந்தது. பெட்டியைப் பார்க்கத் தினமும் காலையில் நான் போனேன்; முதல் நாள் இருபத்தைந்து கார் சுற்றியது. இரண்டாம் நாள் பத்து. வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், எவ்வளவுதான் வெறுப்பு இருந்தாலும் அதற்கென்று தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க எல்லோராலும் முடிவதில்லை. ஐந்தாம் நாள் காலை பெட்டியைச் சரிபார்க்க நான் போனபோது பல் டாக்டர் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடக்கும்போது நேரே முன்னால் பார்த்துக்கொண்டார். நானும் அவர் போனதும் தலையைத் திருப்பிக்கொண்டேன். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

இரண்டு வாரச் சராசரி நானூற்று நாற்பத்தேழு.

திட்டம் நிறைவேறியது. நிறைவேறிய விதம் வேறு. நகர்மன்றத்தில் உறுப்பினர்கள் இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்துகிறோம் என்று மூன்றாம் தளத்தை வெட்டினார்கள். நாற்பத்தெட்டு வீடு முப்பத்திரண்டு ஆயிற்று. சுற்றிலும் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மதில். வாசல் முன்தெருவில் கூடாது, பின்தெருவில்தான். "பதினஞ்சு நாளுல புது வரைபடம் வேணும்" என்றார்கள். லிஃப்டை நகர்த்தி, நடைவழியை ஒடுக்கி, கதவுகளை இடம் மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு நாளில் முடித்துத் தூக்கிப் போட்டேன். மறுமுறை பார்க்கவில்லை. அந்தத் தாள்களைத் தொடவே பிடிக்கவில்லை.

மீட்டரக்காவுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. கடைசி ஒரு வருடம் அவரை நகராட்சிச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். சாலைத் தடுப்புக் கூம்புகளையும் துருப்பிடித்த பெயர்ப்பலகைகளையும் பார்த்துக்கொள்கிற வேலை. ஓய்வு பெறுகிற அன்று பிரிவுபசாரக் கூட்டம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். அதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. தொள்ளாயிரம் பேருக்கு முப்பத்திரண்டு வீடு. அவர் பெயர் நாற்பத்தோராவதாக வந்தது. மூன்றாம் தளம் இருந்திருந்தால் சாவி அவர் கையில். பட்டியலை ஒட்டிய பலகைக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோது அவரும் வந்து பார்த்தார்.

"வருத்தமா இருக்கு" என்றேன்.

"உங்க வருத்தத்த வச்சு நான் என்ன பண்றது? ஒரு மாடிதான ஒசத்த முடியல உங்களால" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. ஐம்பத்து நாலு படி. அந்தக் காலை வைத்துக்கொண்டு தினமும் அத்தனை படி ஏறினார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் வேறொருவர் சொல்லித் தெரிந்தது.

மூன்று வருடம் கழித்து அவர் முறை வந்தது. தரைத்தளத்தில் ஒன்பதாம் எண் வீடு. பச்சைக் கேட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான். ஆனால் மதில் இருந்ததால் அந்தக் கேட்டும் தெரியாது, அந்த வீட்டம்மாவும் தெரியாது. குடிபோன இரண்டாம் மாதம் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை.

"குளியலறைக் கதவ உள்பக்கமா திறக்குற மாதிரி வரைஞ்சது யாரு?"

"நான்தான்."

"வாங்க. இப்பவே வாங்க."

போனேன். ஒன்பதாம் எண் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மீட்டரக்கா குளியலறையைக் காட்டி, "உள்ள போய்ப் படுங்க" என்றார்.

"எங்க?"

"தரையில. படிச்சவர்தான, சொன்னாப் புரியாதா?"

ஈரத் தரையில் சட்டையோடு படுத்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியிலிருந்து தள்ளினார். கதவு என் தோளில் இடித்து நின்றது. மறுபடி தள்ளினார். மறுபடி இடித்தது. அவர் முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளினார். ஒரு கை நுழைகிற இடைவெளிக்குமேல் திறக்கவில்லை.

"போன வாரம் ஏழாம் நம்பர் அம்மா இப்படித்தான் விழுந்து கெடந்தாங்க" என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "அவங்க ஒடம்பே கதவ அடைச்சுக்கிச்சு. நாப்பது நிமிஷம். தீயணைப்பு ஆளுங்க வந்து கீல அறுத்து எடுத்தாங்க. இடுப்பு எலும்பு ரெண்டு எடத்துல. இன்னும் ஆஸ்பத்திரியில இருக்காங்க. உள்ளருந்து 'தள்ளாதீங்க, வலிக்குது'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நான்தான் தள்ளினேன்."

நான் எழுந்திருக்கவில்லை. முதல் வரைபடத்தில் அந்தக் கதவு வெளிப்பக்கம் திறந்தது. நடைவழியை ஒடுக்கியபோது இடிக்கும் என்று உள்பக்கம் திருப்பினேன். அரை நிமிட வேலை. கோபத்தில் கதவு என்ன, சுவர் என்ன, எதையும் நின்று யோசிக்கவில்லை. மன்றத்தின்மேல் இருந்த ஆத்திரத்தை ஏழாம் எண் அம்மாவின் தலையில் இறக்கியிருக்கிறேன்.

அதை அவரிடம் சொன்னேன். மறைத்துவிடலாமா என்று ஒருகணம் நினைத்தேன், சொல்லிவிட்டேன். அவர் என்னை மன்னிக்கவில்லை. "இத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளையும் முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்தையும் சேர்த்து அவர் நகராட்சிக்குக் கொடுத்தார். எனக்குச் சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது. கதவுகள் எல்லாம் சறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் திறக்கிற கதவுகளாக மாறின.

தச்சர்கள் வேலை செய்த வாரம் முழுவதும் மேற்பார்வைக்கு நான் போக வேண்டியிருந்தது. மீட்டரக்கா ஒவ்வொரு வீடாகக் கூடவே வந்து, கைப்பிடி உயரம் சரியில்லை, தண்டவாளத்தில் தூசி சேருகிறது, ஆணி வெளியே நிற்கிறது என்று தச்சரையும் என்னையும் மாறி மாறித் திட்டினார். ஏழாம் எண் வீட்டுக்கு வந்தபோது மட்டும் உள்ளே வரவில்லை. நடைவழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்தம்மாவுக்கு எடது கைதான் தூக்க வரும். கைப்பிடிய அந்தப் பக்கம் வைங்க" என்று அங்கிருந்தே சொன்னார். வைத்தோம்.